பன்னிரண்டு புள்ளி ஆறோடு நடமாடியவர்

செத்துப்போன பிறகு இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்து, ஏப்பமும் விட்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் தான்தான் என்று ஹாரன் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? நேரம் வேறு குறித்துச் சொன்னார். சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் செத்தாராம். மத்தியானம் மூன்று மணிக்கு உயிர் வந்ததாம். நடுவில் ஒரு தடவை முதுகு அரித்ததாம்.

கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹாரன். ஒரு நாள் வண்டியில் ஹாரன் வேலை செய்யாமல் போக, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயாலேயே ஊதி, எதிரே வந்த லாரியை ஓரங்கட்ட வைத்தார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அது நிஜமாகவே நடந்தது. ஆனால் அதே கதையில் இப்போது லாரிகள் பதினேழு ஆகிவிட்டன, ஒரு ரயிலும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கணவர் சொல்லும் எந்த எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்வாள். நாற்பது வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

மனைவியின் தங்கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், வயது ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரி லேபில் தலைமை டெக்னீஷியன். வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையைப் பார்த்து, அதற்குப் பிறகும் மேல்மாடியில் யாராவது வாளியைக் கவிழ்த்தார்களா என்று விசாரிப்பாள். அத்தான் சொன்னது என்றால் மொத்தமும் தள்ளுபடி.

இந்தக் கதையில் உயிர் போனது, வந்தது எல்லாம் ஹாரனுக்குப் பெரிய விஷயமே இல்லை. அவருக்குப் பெரிய விஷயம் கண்.

இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷமாக உலகம் அவருக்கு அழுக்குக் கண்ணாடி போட்ட வண்டியாகத்தான் தெரிந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் எறும்பின் மீசை வரைக்கும் தெரியும். அதைத் தாண்டினால் புகைதான். எந்தப் பஸ்ஸின் நெற்றியில் என்ன எண் இருக்கிறது என்று அரை மைலில் சொன்ன மனிதர், இப்போது நிறுத்தத்தில் நின்று, வந்த வண்டியில் ஏறி, மூன்று தடவை ஊரின் வேறு மூலையில் போய் இறங்கியிருந்தார். மூன்றாவது தடவை டிப்போவில் அவரைப் பார்த்த பழைய கண்டக்டர், "என்னண்ணே, எங்களைப் பார்க்கவா வந்தீங்க?" என்று கேட்டார். "ஆமாப்பா, உங்களைப் பார்க்கணும்போல இருந்துச்சு" என்று ஹாரன் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒரு கதையும் சொல்லவில்லை. மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக ஹாரனின் வலது கண் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒன்று பாக்கி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனார்.

ரத்தம் எடுக்கிற கூடத்தில் இருபது பேர் காத்திருந்தார்கள். ஹாரனின் கணக்கில் இருநூறு. ரத்தம் எடுப்பவர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, வாயில் சொல் வருவதற்கு முன் வெட்கம் வந்து நிற்கிற ஆள். ஊசிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குழந்தைகள்கூட அவரிடம் அழுவதில்லை. ஹாரன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! உலகத்துல எத்தனையோ ஊசி பார்த்திருக்கேன். என்னை ஒரே குத்துல முடிச்ச ஆள் இவர் ஒருத்தர்தான். போன வருஷமும் ஒரே குத்து, அதுக்கு முந்தின வருஷமும் ஒரே குத்து. ரெண்டாவது குத்துங்கிற வார்த்தையே இவர் அகராதியில இல்ல!"

கூடம் கைதட்டியது. ஊசிக்காரருக்குக் காது மடல் சிவந்தது. ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியைச் செலுத்தினார். சரியாக அந்த நேரத்தில் ஹாரனுக்குப் பதினேழு லாரிக் கதை ஞாபகம் வந்துவிட்டது. ரயில் வருகிற இடத்தில் கூடமே விழுந்து விழுந்து சிரிக்க, அவரும் குலுங்கிச் சிரித்தார். கதை முடிந்தது, ரத்தம் எடுத்தாயிற்று, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து முதல் தட்டை முடித்தார். அது உயிரோடு இருக்கும்போது சாப்பிட்டது, கணக்கில் சேராது.

பதினொன்றே காலுக்கு, இரண்டு ரொட்டியும் மூன்று முட்டையுமாக அடுத்த தட்டோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மனைவி எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்தாள்.

"என்னங்க... படுங்க."

"எதுக்கு?"

"சின்னவதான் பேசுறா. உங்க ரத்தத்துல பொட்டாசியம் பன்னிரண்டு புள்ளி ஆறாம். நாலு இருக்கணுமாம். ஆறுன்னாலே பயமாம். பன்னிரண்டுன்னா இதயம் நின்னுபோயிருக்கணுமாம்."

"யாருது?"

"உங்களுதுதான்!"

ஹாரன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். "அப்ப இதைச் சாப்பிடுறது யாரு?"

"விளையாடாதீங்க. நடக்கவே கூடாதாம். அசையாமப் படுக்கணுமாம். வண்டி அனுப்புறாங்களாம்."

"வண்டி வர எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்."

"அப்ப முட்டையை முடிச்சிடலாம்" என்று முடித்தார். செத்த பிறகு முதல் தட்டு என்று அவர் கணக்கில் எழுதிக்கொண்டது இதைத்தான்.

வண்டி வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். கதவைத் திறந்துவிட்டவரைப் பார்த்து, "நோயாளி எங்கங்க?" என்று கேட்டார்கள். "நான்தான், வாங்க, பார்த்து வாங்க, வாசப்படி உயரம்" என்றார் ஹாரன். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. படுத்த வாக்கிலேயே எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டு போனார். வண்டியின் சைரன் ஸ்வரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று ஓட்டுநரிடம் சொல்லி, சரியான ஸ்வரத்தை ஒரு தடவை வாயால் ஊதியும் காட்டினார். நாலு முனைச் சந்திப்பில் இரண்டு சைரன் கேட்டதில் போக்குவரத்துக் காவலர் எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் நீட்டினார்.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு பெண். தூக்கத்தைப் பார்த்து இரண்டு நாள் ஆன முகம். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு மயக்கம், படபடப்பு, கை கால் பலவீனம்?"

"பசிக்குது."

"பசியா?"

"பாதியில கூட்டிட்டு வந்துட்டாங்க டாக்டர். ரொட்டி ரெண்டும் அப்படியே கிடக்கு."

"ஈசிஜி ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர், புகார் சொல்கிற குரலில். "இந்தப் பொட்டாசியத்துக்கு இப்படி இருக்கவே கூடாது. மறுபடியும் ரத்தம் எடுங்க."

வேறொரு நர்ஸ் வேறு கையிலிருந்து எடுத்தாள். முடிவு வருவதற்குள் சின்னவள் லேபிலிருந்து மாடிப்படி இறங்கி நேரில் வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி, கையில் ஒரு குறிப்பு நோட்டு. அக்காவின் தோளை ஒரு தடவை தொட்டாள். பிறகு கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"அத்தான், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லணும். பிரஷருக்குப் புதுசா ஏதாவது மாத்திரை?"

"அதே பழைய மாத்திரைதான். தினம் ஆயிரம்—"

"ஒண்ணுதாண்டி" என்றாள் மனைவி.

"உப்பைக் குறைக்கச் சொன்னாங்கன்னு வேற உப்பு ஏதாவது வாங்கினீங்களா? கடையில விக்கிற அந்த மாத்து உப்பு பூராவும் பொட்டாசியம்தான்."

"இவரா? சாதா உப்பையே கேட்டு வாங்கிப் போட்டுக்கறவரு."

"சிறுநீர் ஒழுங்காப் போகுதா?"

"அருவி மாதிரி!"

மனைவி பத்தால் வகுத்து, "சரியாப் போகுது" என்றாள்.

"ரத்தம் எடுக்கறப்ப கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தீங்களா? அப்படிச் செஞ்சாலும் சதையிலேருந்து கொஞ்சம் ஏறும்."

"அதுக்கு நாலு அஞ்சாகும், அஞ்சரை ஆகும்" என்றார் டியூட்டி டாக்டர் இடையில் புகுந்து. "பன்னிரண்டு ஆகாது. ட்யூபுக்குள்ள ரத்தச் செல் உடைஞ்சிருந்தா?"

"உடைஞ்சா மேல நிக்கிற தண்ணி சிவப்பாயிடும் டாக்டர். நான் பார்த்தேன், தெளிவா இருந்துச்சு. ரொம்ப நேரம் வச்சிருந்தாலும் ஏறும். ஒரு மணி நேரத்துல மெஷின்ல போட்டுட்டோம். மெஷினை ரெண்டு தடவை சோதிச்சுட்டேன். என் மெஷின்ல தப்பில்ல."

அப்போதுதான் இரண்டாவது முடிவு வந்தது. பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், சின்னவளைத் தவிர. மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வண்டி அந்தப் பக்கம் வர, ஹாரன் ஒரு தட்டை வாங்கித் துடைத்துவிட்டார். செத்த பிறகு இரண்டாவது தட்டு. முதல் முடிவுத் தாளை யாரும் இன்னும் ரத்து செய்யவில்லை, ஆகையால் கணக்குப்படி அவர் அப்போதும் செத்தவர்தான்.

இடி அதற்குப் பிறகு விழுந்தது. டியூட்டி டாக்டர் கண் டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல பன்னிரண்டும் நாலுமா? இதுல எது அவருது? ரெண்டாவது ட்யூப் வேற யாரோடதாவது இருந்தா? காரணம் தெரியாம நான் யாரையும் மேஜையில படுக்க வைக்க மாட்டேன். முதல் முடிவு ஏன் அப்படி வந்துச்சுன்னு லேப் எனக்குச் சொல்லட்டும், திங்கட்கிழமை செய்யறேன். இல்லன்னா அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுங்க. இவரை அடுத்த முறை பார்த்துக்கலாம். அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கேன்."

அடுத்த முறை என்றால் ஆறு மாதம். ஹாரன் தட்டைக் கீழே வைத்தார். ஆறு மாதத்தில் எத்தனை தடவை தப்பான பஸ்ஸில் ஏறலாம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இந்த எண்ணை மட்டும் யாரும் பத்தால் வகுக்க முடியாது.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். "ஏன்னு எனக்குத் தெரியும்! நான் பார்த்தேன்!"

"என்னத்தைப் பார்த்தீங்க?" என்றாள் சின்னவள்.

"ஊசிக்காரர் ஒரு ட்யூபுலேருந்து இன்னொரு ட்யூபுக்கு ரத்தத்தை ஊத்தினாரு! இப்படி, தலைக்கு மேல தூக்கி, நாலு அடி உயரத்துலேருந்து, டீ ஆத்துற மாதிரி சர்ருனு! கூடமே வாயைப் பொளந்து பார்த்துச்சு!"

"நாலு அடி."

"அஞ்சுகூட இருக்கும்!"

சின்னவள் நோட்டை மூடினாள். "அத்தான், அந்த ட்யூபே விரல் நீளம்தான். இருபத்தெட்டு வருஷமா அந்த லேபைக் கட்டிக் காக்கறேன். ஒரு ட்யூபுலேருந்து இன்னொண்ணுக்கு ஊத்துறது அங்க பெரிய பாவம். ஊசிக்காரர் என்கிட்டப் பத்தொன்பது வருஷம் வேலை செய்யறாரு, ஒரு சொட்டு சிந்தினதில்ல. உங்க கண்ணுக்கு என் மூஞ்சியே சரியாத் தெரியாது. உங்க வாய்க்குப் பதினேழு லாரி. இதைக் கொண்டுபோய் நான் கண் டாக்டர்கிட்டச் சொல்லணுமா?"

"நடந்துச்சு, சின்னவளே!"

"நடக்கல."

"அட, நடந்துச்சுங்கறேன்!"

"ரயிலும் வந்துச்சா?"

ஹாரனுக்கு வாயடைத்துப்போனது. அவருடைய வாய் அடைத்ததைப் பார்த்த டாக்டருக்கு மறுபடியும் ஈசிஜி எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மனைவிதான் பேசினாள். "ஏங்க, ஒரே ஒரு தடவை, கூட்டாம குறைக்காம, நடந்ததை நடந்த மாதிரி சொல்லிப் பாருங்களேன்."

"அப்படியெல்லாம் எனக்கு வராதும்மா."

"கண்ணுக்காக."

சின்னவள் பெருமூச்சு விட்டு, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. கடைசியா ஒரு தடவை. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. உயரம், சத்தம், கூட்டம் எதுவும் வேணாம்."

ஹாரன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு டன் வண்டியை மலைப்பாதையில் பின்னோக்கி ஓட்டியபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது, இடையிடையே நாக்கு வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினார்.

"மஞ்சள் மூடி போட்ட ட்யூப். அதுல பாதிதான் வந்துச்சு. நான் சிரிச்சேன், ஊசி நழுவிடுச்சு. அதுக்கு முன்னாலயே இன்னொரு ட்யூப் நிறைஞ்சிருந்துச்சு. அவரு கூடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டாரு. ரெண்டு மூடியையும் எடுத்தாரு. அந்த ட்யூபைச் சாய்ச்சு, மஞ்சள் மூடியோடதுல கொஞ்சம் விட்டாரு. மூடிட்டாரு. அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரத்துல?"

"என் முழங்கைக்குப் பக்கத்துல. ஒரு... நூறு... இல்ல, இல்ல. ஒரு சாண்."

"அந்த இன்னொரு மூடி என்ன நிறம்?"

"கருப்பு."

சின்னவளின் உதடு லேசாக வளைந்தது. "எங்க லேப்ல கருப்பு மூடியே கிடையாது அத்தான். மஞ்சள் உண்டு, ஊதா உண்டு, வெளிர்நீலம் உண்டு, சாம்பல் உண்டு. கருப்பு இல்ல."

"எனக்கென்ன தெரியும்? கருப்பாத்தான் இருந்துச்சு. வேணும்னா ஊதான்னு சொல்லிடறேன்."

"வேணாம்" என்றாள் சின்னவள். பிறகு கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு காலி ட்யூபை எடுத்து, ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இது என்ன நிறம்?"

"இதுவா? கருப்பு."

மனைவி மூச்சை இழுத்தாள். அவள் கண்ணுக்கு அந்த மூடி பளிச்சென்று ஊதாவாக இருந்தது. டியூட்டி டாக்டர் சுவரிலிருந்து நிமிர்ந்தார். "புரை பழுத்துப் போனா லென்ஸ் மஞ்சளாயிடும். நீலமும் ஊதாவும் அதைத் தாண்டி வராது. கருப்பாத்தான் தெரியும்."

"இவரு கதை கட்டியிருந்தா ஊதான்னு சொல்லியிருப்பாரு" என்றாள் சின்னவள் மெல்ல. "தங்கத்துல மூடின்னு சொல்லியிருப்பாரு."

"அதுக்கென்ன, இப்ப வேணும்னாலும் சொல்—"

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது! டாக்டர், ஊதா மூடிக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஒரு உப்பு தடவியிருக்கு. அது பொட்டாசியம் உப்பு. அதுலேருந்து மஞ்சள் மூடிக்கு ஊத்தினா..."

"பொட்டாசியம் எகிறும்."

"அதோட அந்த உப்பு கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கண்ணு ஆபரேஷனுக்குக் கால்சியம் யாரும் கேக்கல, அதனால நான் பார்க்கல. காலையில எடுத்த ட்யூப் இன்னும் என் ஃப்ரிட்ஜ்ல இருக்கு." அவள் எழுந்தாள். "அத்தான் சொன்னது நிஜம்னா அதுல கால்சியமே இருக்காது. பொய்னா எல்லாருக்கும் இருக்கற மாதிரி இருக்கும். வாங்க, எல்லாரும் வாங்க. மெஷின் சொல்லட்டும்."

ஹாரன் கட்டிலிலிருந்து குதித்தார். நடக்கக் கூடாது என்று ஞாபகப்படுத்த யாருக்கும் நேரமில்லை.

லேபில் மெஷின் ஒரு அலமாரி அளவுக்கு இருந்தது, உள்ளே ஏதோ சுழன்று கிர்ர் என்றது. சின்னவள் முதலில் ஃப்ரிட்ஜிலிருந்து ஊதா மூடி ட்யூபை எடுத்துப் பார்த்தாள். கோடு வரைக்கும் நிறைந்திருக்க வேண்டியது பாதிக்குக் கீழே நின்றது. மெஷினுக்கு அதில் சில துளி போதும். மிச்சம் எங்கே போனது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் மூடி ட்யூபிலிருந்து துளி எடுத்துக் கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் ஹாரன்.

"பன்னிரண்டு நிமிஷம்."

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பற்றி ஹாரன் பின்னால் சொல்லும்போது பன்னிரண்டு மணி நேரம் என்றுதான் சொல்வார்; இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, அங்கே இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது நிமிஷத்தில் சாப்பாட்டு டப்பாவோடு ஊசிக்காரர் உள்ளே வந்தார். ஹாரனைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த இரண்டு ட்யூபையும் பார்த்தார், டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரத்தில் நின்றுவிட்டார். சின்னவள் திரும்பவில்லை. அவள் பார்வை மெஷினின் திரையில் இருந்தது.

திரை மினுங்கியது. கால்சியம் என்று போட்டு, எண் வர வேண்டிய இடத்தில், அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மெஷின் எழுதியது.

டியூட்டி டாக்டர் கைதட்டினார். இரண்டு நாள் தூக்கக் கலக்கம் அந்தக் கைதட்டலில் கலைந்துபோனது. மனைவி ஹாரனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், சந்தோஷத்தில். ஹாரன் வாயைத் திறந்தார், சின்னவள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஹாரன் அடிக்கப்படாமல் தொண்டையிலேயே நின்றது.

"ரெண்டாவது தடவை குத்தியிருக்கலாமே" என்றாள் சின்னவள், கதவின் பக்கம் திரும்பி. குரலில் கோபத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

ஊசிக்காரர் டப்பாவைப் பார்த்துப் பேசினார். "குத்தத்தான் போனேன் மேடம். சார் அத்தனை பேருக்கு முன்னால சொல்லிட்டாரு. ஒரே குத்துக்காரன்னு. கூடமே கைதட்டிடுச்சு. அதுக்கப்புறம் மறுபடியும் ஊசியை எடுக்க... கையே வரல. ஒரே ஆளோட ரத்தம்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சுட்டேன்."

"என்ன ஆச்சுன்னு கேளுங்க. எங்க அத்தான் செத்துட்டாரு."

"மன்னிச்சுக்குங்க சார்."

"அட விடுங்கய்யா!" என்றார் ஹாரன். "உங்க மேல தப்பே இல்ல. நான் புகழ்ந்தா யாருக்குத்தான் தலை சுத்தாது? ஒரு தடவை ஒரு மந்திரியை—"

"அத்தான்!"

சின்னவள் முடிவுகளை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் ஹாரன் தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போய்விட்டு வந்தார். மணி மூன்று. சின்னவள் ஊசிக்காரரை உட்காரச் சொன்னாள். தன் மேஜைக்குப் போனாள், போனை எடுத்தாள், கீழே வைத்தாள். இருபத்தெட்டு வருஷம் அந்த மேஜையிலிருந்து எத்தனையோ பேருக்கு அவள் போன் செய்திருக்கிறாள். எல்லாம் மற்றவர்களின் ரத்தத்தில் இருந்த கோளாறைச் சொல்ல. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தாள். ஹாரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் அவருக்குப் புகையாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அந்தப் புகை என்ன பாடு படுகிறது என்பது தெரிந்தது.

"வேணாம்னா விடு சின்னவளே" என்றார் தாழ்ந்த குரலில். "ஆறு மாசம்தானே. நான் எண்ணிக்கிட்டே இருந்துடுவேன்."

இதில் ஒரு சொல்கூடப் பெரிதாக்கப்படவில்லை என்பதைக் கண்டு, சின்னவளுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், லேப்லேருந்து தலைமை டெக்னீஷியன் பேசறேன். அந்தப் பஸ் டிரைவர் விஷயம்."

"அவரா! அவர் பத்து நிமிஷத்துக்கு முன்னால யாரோ நர்ஸ் போன்லேருந்து எனக்கே போன் பண்ணிட்டாரும்மா. தான் செத்துப்போனதாவும், ரெண்டு தட்டுச் சாப்பிட்டதாவும், யாரோ ஊதா மூடி ட்யூபுலேருந்து மஞ்சள் மூடி ட்யூபுக்கு அஞ்சு அடி உயரத்துலேருந்து ரத்தத்தை ஆத்தினதாவும், மெஷின் பன்னிரண்டு மணி நேரம் ஓடினதாவும் சொல்றாரு. இதுல நான் எதை நம்பறது?"

சின்னவள் தலையைத் திருப்பி அத்தானைப் பார்த்தாள். ஹாரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அவருக்குப் புகையைத் தவிர எதுவும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கதை எனக்கு வேணாம்" என்றது போன். "நீங்க கணக்கா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கண்ணைத் திறந்துடறேன். ஊதா மூடியிலேருந்து மஞ்சள் மூடிக்கு ஊத்தினது உங்க லேப்ல நிஜமாவே நடந்துச்சா, இல்லையா?"

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நடந்துச்சு டாக்டர். என் லேப்லதான் நடந்துச்சு."